வெர்லின் அழித்த குண்டுகள்

தனக்குப் பிடிக்காத குண்டையெல்லாம் வெர்லின் வேகம் அளக்கும் மெஷினிலிருந்து அழித்துவிடுகிறார் என்று துப்பாக்கிக் கடையில் ஆர்லோ சொன்னாராம். முடிவெட்டும் பெண் ஒருத்தி அதை டோனாவிடம் சொல்ல, டோனா வீட்டுக்கு வந்ததும் தன் கணவர் வெர்லினின் காதில் போட்டாள்.

மைல்ஸ் சிட்டியில் முப்பது வருஷம் டிராக்டர் பழுது பார்த்தவர் வெர்லின். அவர் முடுக்கிய போல்ட்டை இன்னொருவர் தொட்டுப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு கராஜில் தன் தோட்டாக்களைத் தானே செய்தார். வெடிமருந்தைத் துகள் துகளாக நிறுப்பார். ஆயிரம் கெஜ தூரத்து இலக்கைச் சுடும்போது வேகம் சற்றுக் குறைந்தாலும் குண்டு கீழே இறங்கிவிடும். அவருடைய குண்டுகள் ஒரே வேகத்தில் போகின்றன என்று ஊரே நம்பியது. ஜோடிப் போட்டியில் அவர் சுட, பக்கத்தில் படுத்து ஆர்லோ காற்றைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு குண்டு மட்டும் முந்திக்கொண்டு ஓடினால், "தோள் அசைஞ்சிடுச்சு" என்று மெஷினில் அழிக்கும் பொத்தானை அழுத்துவார் வெர்லின்.

"தோள் அசைஞ்சா குண்டு வேகமா ஓடுமாய்யா?" என்பார் ஆர்லோ. " தோட்டாக் கூட்டோட பித்தளை இறுகிப் போச்சு. கூட்டோட கழுத்தைச் சூடு பண்ணு. ஒரு கூடு குண்டை விடுது, இன்னொண்ணு புடிச்சுக்குது."

"சூடு பண்ண எரிக்கிற கேஸுக்கு நீ காசு தருவியா?"

வதந்தி வந்த மறுநாள் வெர்லின், தன் கராஜிலிருந்த ஆர்லோவின் தோட்டா அழுத்தும் கருவியைக் கழற்றிக் கொண்டுபோய் அவர் வாசலில் போட்டார்.

"என்னய்யா இது?"

"முடிவெட்டுறவ டோனாகிட்ட சொல்லிட்டா. ஊரெல்லாம் என்னைப் பொய்யன்னு சொல்றவன் பக்கத்துல இனிமே படுத்துச் சுட மாட்டேன்."

"சொன்னதெல்லாம் உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். வேற எவன்கிட்டயும் இல்ல. உன் குண்டு சொல்றதைக் கேக்க மாட்டே, முடிவெட்டுறவ சொன்னா கேப்பியா?"

ஆர்லோவின் மூக்கை உடைக்க இருபது தோட்டாக்களுடன் சுடும் மைதானம் போனார் வெர்லின். பொத்தானைத் தொடவில்லை. முதல் ஐந்தும் ஒழுங்காகப் போயின. ஆறாவது ஓடியது, ஒன்பதாவது சோர்ந்தது. முடிந்தபோது வேகத்தில் நொடிக்கு நாற்பத்தெட்டு அடி வித்தியாசம். இலக்கு அட்டையில் துளைகள் மேலும் கீழுமாக இரண்டடிக்கு மேல் பரவி நின்றன. இத்தனை வருஷம் தான் எதைச் சுட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கூட்டைச் சூடாக்கும் கேஸ் விளக்கு வாங்கத் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் க்ளீட் சிரித்தார்.

"கடைசியில ஆர்லோ ஜெயிச்சுட்டானா?"

"அவன் இங்க வந்து என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"ஆர்லோவா? அவன் வாயே திறக்கலையே. நீதானய்யா சொன்னே, எங்க வீட்டுல கறி சுட்ட அன்னைக்கு. மூணாவது பீர்ல. 'ஆர்லோ கூட்டைச் சூடு பண்ணச் சொல்றான், எனக்கு எதுக்கு? கெட்ட குண்டை நான் கணக்குலயே சேக்கறதில்ல'ன்னு மார் தட்டினியே. நான்தான் நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன்."

விளக்கை வாங்காமலே வெளியே வந்தார். சனிக்கிழமை போட்டி, ஜோடி இல்லாதவனை உள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் வண்டியில் உட்கார்ந்து போனை எடுத்தபோது போட்டி நினைவில் இல்லை. வாசலில் இரும்போடு இரும்பாகக் கிடந்த கருவியையும், அதைத் தூக்கக் குனிந்த ஆர்லோவின் வழுக்கையையும்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு போனது. ஆர்லோ வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கும் போன் அது. வீட்டில் எங்கிருந்தாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். ஏழாவது மணி அடித்தது. எட்டாவது அடித்தது. வெர்லின் போனை வைக்கவில்லை.