ஓமச் சாம்பல் பூசிய தட்டு

அன்று அந்த மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, மகள், மகள் கட்டப்போகிற பெடியன், அவனுடைய தாய். எங்கள் வீட்டுப்பக்கம் அஜின்கோர்ட்டில் எத்தனையோ சாப்பாட்டுக் கடை இருக்க, பெடியன் எங்களை டவுன்ரவுனுக்குக் கூட்டிப்போயிருந்தான். நான் போய் இருந்த உடனேயே வெளியே போகிற கதவு எங்கே என்று பார்த்துவைத்தேன். பிறகு பார்க்கிங் ரிக்கெற் பொக்கற்றில் இருக்கிறதா என்று தடவினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் தடவினேன். என் சுபாவம் அப்படி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெடியனுக்கு மாட்டிறைச்சி வந்தது. இறைச்சி என் கண்ணில் படவில்லை, தட்டுத்தான் பட்டது. நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் அரிசி கழுவின தண்ணீர்போல ஒரு வெண்மை வழிந்து உறைந்திருந்தது. அந்த நிறம் உண்டானபோது பக்கத்தில் நின்றவன் நான். என் முன்னால் அதே நிறத்தில் இருந்த பாண் தட்டை மெல்லத் திருப்பினேன். அடியில் ஒரு பெருவிரல் அடையாளம்.

“அப்பா, பிளீஸ். எல்லாரும் பாக்கினம்,” என்றாள் மகள்.

“இவருக்கு எங்க போனாலும் அடியில விலை பாக்கிற பழக்கம்,” என்று மனைவி சம்பந்தியம்மாவிடம் சமாளித்தாள்.

அது மிரியத்தின் பெருவிரல்.

மிரியம் ருமேனியாவில் பிறந்த யூதப் பெண். சின்ன வயதில் தாயோடு இஸ்ரேலுக்குப் போய், அங்கே மண் வேலை பழகி, பிறகு தனியாளாக ரொறன்ரோவுக்கு வந்தவர். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதியாக வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே தட்டுகள் செய்து கொடுத்தவர் அவர். தட்டுகளைப் பிள்ளைத்தாச்சியைத் தாங்குவதுபோல நான் தாங்குவதைக் கண்டுவிட்டு, “நீ பயந்த ஆள். எனக்கு அப்பிடி ஒருத்தன்தான் வேணும்,” என்று தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது எப்போதும் எங்கள் பேச்சாகவே விழும்.

பட்டறை ஒரு கார் திருத்தும் கராஜின் பின்பக்கம் இருந்தது. ஈர மண்ணும் கார் எண்ணெயும் கலந்த மணம். இப்போதும் எண்ணெய் மாற்றக் காரைக் கொண்டுபோனால் எனக்குக் கை மண் பிசையத்தான் உன்னும். மண்ணுக்குள் காற்று நின்றால் சூளையில் பாத்திரம் வெடித்துவிடும் என்று சொன்னதிலிருந்து, ஒரு தரம் பிசைய வேண்டியதை இரண்டு தரம் பிசைந்தேன். சூளை எரிகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது. மிரியம் சிரிப்பார்.

பட்டறைச் சுவரில் சாமான் அடுக்க இரண்டு பலகைகள் அடித்திருந்தன. ஒன்று பால் சேரும் பாத்திரங்களுக்கு, மற்றது இறைச்சி சேருபவற்றுக்கு. பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் படக்கூடாது என்பது அவர்களுடைய மதச் சட்டம். வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. ஒரு மத்தியானம் பால் பக்கத்துக் கிண்ணமொன்றில் கோழிக் கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கழுவியும் வைத்துவிட்டேன். மிரியம் ஏசவில்லை. அவர் கையாலேயே செய்த, அவருக்கு விருப்பமான கிண்ணம் அது. ஒரு துவாயில் சுற்றிச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். மண் உறிஞ்சினால் உறிஞ்சினதுதான், கழுவிப் போகாது என்றார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

சாம்பல் சூளையில் உருகிக் கண்ணாடிப் பூச்சாக மாறும் என்பதை நான் கற்றது அங்கேதான். மிரியம் மேப்பிள் சாம்பல், அப்பிள் மரச் சாம்பல் எல்லாம் சலித்துக் கரைத்துப் பார்த்தார். ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கோயிலில் நெய்யும் நெல்லும் சேர்ந்த சாம்பல் இருக்கிறது என்று நான்தான் பெருமையடித்தேன். ஸ்காபரோவில் பழைய பண்டகசாலை ஒன்றுக்குள் இருந்த கோயில் அது. மண் பாத்திரத்துக்குப் பூச என்று குருக்கள் ஐயாவிடம் போய்க் கேட்டேன்.

“தம்பி, உது ஓமகுண்டத்துச் சாம்பல். உதிலை ஆரும் சாப்பிடப்படாது. மச்சம் மாமிசம் படாமல் பாக்கிறது உம்மட பொறுப்பு.”

அதை அப்படியே மிரியத்துக்குச் சொன்னேன். கையிலிருந்த மண்ணை வைத்துவிட்டு, “எனக்கு நீ விளங்கப்படுத்தத் தேவையில்லை. இது சும்மா நிக்கிற சாடிகளுக்கு மட்டும்,” என்றார். கிண்ணத்தை உடைத்த கை சொன்ன வார்த்தை. நான் வேறு எதை நம்புவது?

அந்தச் சாடிகள்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விளக்குப் போட்டு வைத்தார்கள். யாரும் கேட்டால், “என்ர கூட்டாளியின்ர கோயில் சாம்பல்,” என்று என்னைக் காட்டுவார். எனக்குக் காது சூடாகும். ஐயாவிடம் போய்ச் சொல்வேன். அவர் தலையாட்டுவார்.

பிறகு என் இடுப்பு மண்ணோடு மல்லுக்கட்ட மறுத்தது. ஒஷாவாவில் கார்ச் சாமான் தொழிற்சாலைக்குப் போனேன். மிச்சச் சாம்பல் பீப்பாய்களில் இருந்தது. ஏரியில் கரைத்துவிடுகிறேன் என்றார் மிரியம். நானும் வாறன் என்றேன். வேண்டாம், நீ வேலையைப் பார் என்றார். எதற்கும் கவலைப்படுகிற நான் அதற்கு மட்டும் கவலைப்படவில்லை.

பெடியனோடு சாப்பிடப் போன அந்தக் கிழமையே அவருடைய அப்பார்ட்மென்ற்றுக்குப் போனேன். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. தட்டைப் பற்றிக் கேட்டேன். மறுக்கவில்லை.

“எல்லாரும் கண்ணாடிக்குள்ள பூட்டி வைச்சினம். நான் தட்டுச் செய்யிறவள். ஒருக்கா எண்டாலும் அந்த நிறத்தில ஆக்கள் சாப்பிடவேணும் எண்டு ஆசைப்பட்டன்.”

“ஐயாவுக்கு நான் சொன்ன வாக்கு உங்களுக்குத் தெரியுந்தானே.”

“அது உன்ர கோயில் சட்டம்.”

“அப்ப அண்டைக்கு அந்தக் கிண்ணத்தை ஏன் உடைச்சனீங்கள்?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “அது என்ர சட்டம்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பால் எவ்வளவு விட என்று கேட்கிற குரலில் சொன்னார். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

அந்தக் கராஜும் பட்டறையும் இருந்த இடத்தில் இப்போது உயரமான கொண்டோக் கட்டடம் நிற்கிறது. ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். சாகும்வரை அந்தத் தட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். பிறகு அதுவே இரவில் என்னை எழுப்பிவிடுகிறது. புதுக் குருக்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். இங்கே வளர்ந்த பிள்ளை. “பரவாயில்லை அங்கிள்,” என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பொழுது படுவதற்கு முன் மிரியம் எனக்குப் போன் எடுப்பார். பொழுது பட்டால் அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்கிவிடும்; சனி இரவுவரை அவர் போனைத் தொடுவதில்லை. இத்தனை வருடத்தில் அந்த அழைப்பை நான் தவறவிட்டதில்லை. இப்போதும் எடுக்கிறார். மனைவிதான் பேசுகிறாள். நான் வேலையில் நிற்பதாகச் சொல்கிறாள். நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன்.

போன கோடையோடு நான் வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டது மிரியத்துக்குத் தெரியும். “சரி, வேலை முடிஞ்சு வரட்டும்,” என்று சொல்லிவிட்டு வைக்கிறாராம்.