ஃபிளோரா தூங்குவதற்கு ஒரு கூரை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யத் துணிந்த ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். அது என் கொழுந்தன் டைட்டஸ். புன்னைக்காயலில் எங்களுக்கு அடுத்த வீடு. வள்ளங்களின் இன்ஜினைப் பழுதுபார்ப்பது தொழில். எப்பேர்ப்பட்ட இன்ஜினும் அவன் கை பட்டால் பேசும். இவன்தான் பெண்களிடம் பேச மாட்டான். பேசினால் இன்னும் மோசம். ஒரு முறை பெண் பார்க்கப் போன வீட்டில், காப்பி கொண்டுவந்த பெண்ணிடம் இவன் கேட்ட ஒரே கேள்வி, “உங்க வீட்டு மோட்டார் ஏன் இப்படி இழுத்து இழுத்து ஓடுது?” என்பதுதான். அந்தக் காப்பியோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் நாற்பது வயதும் தாண்டிவிட்டது.

தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்ததே, அப்போது எங்கள் ஊர் ஆண்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போனார்கள். டைட்டஸ் ஏரலுக்குப் போனான். அங்கே ஒரு மொட்டை மாடியில் ஃபிளோரா நின்றிருந்தாள். பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறவள். யாருமில்லாமல் தனியாக இருந்தவள். அவளுடைய ஓட்டுவீடு அந்த மழையில் கூரையோடு உட்கார்ந்துவிட, பக்கத்து வீட்டு மாடியில் தையல் மெஷினோடு ஏறிக்கொண்டாள். மெஷின் இல்லாமல் வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கூட வந்தவர்கள் கத்தினார்கள். என் கொழுந்தன் கத்தவில்லை. மெஷினை முதலில் இறக்கி வள்ளத்தில் வைத்து, நனையாமல் தன் சட்டையைக் கழற்றி மூடினான். அப்புறம்தான் அவளுக்குக் கை கொடுத்தான்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஏரலுக்குப் போனான். கேட்டால், மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்பான். ஒரு தையல் மெஷின் அவ்வளவு எண்ணெய் குடித்தால் அது மெஷினா, வடைக் கடையா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பெண் கேட்கப் போனேன்.

ஃபிளோரா தலையைக் குனியவெல்லாம் இல்லை. நேராகப் பார்த்தே பேசினாள்.

“அக்கா, உங்க கொழுந்தன் தங்கமான மனுசன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த வெள்ளத்துக்கு அப்புறம் மழை பெஞ்சா எனக்குக் கண்ணு மூட மாட்டேங்கு. விடிய விடிய கூரை மோட்டையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உங்க ஊரு கடலோரம். புயல் வந்தா முதல் அடி உங்களுக்குத்தான். மழையில நான் நிம்மதியா தூங்குத மாதிரி ஒரு கூரை இருந்தாச் சொல்லுங்க, வாரேன். இல்லன்னா வேண்டாம். தூங்காத பொம்பளையக் கட்டிக்கிட்டு அவிய எதுக்குக் கஷ்டப்படணும்?”

டைட்டஸின் வீட்டுக் கூரையோ பழைய நாட்டு ஓடு. பாதி ஓடு போன புயலில் பறந்துபோய், பாதிக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தான். கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் கூரை போட்டு, அவள் வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் சாமியார் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க முடியும். அதுவோ ஐப்பசி. புயல்களும் புறப்படுகிற மாதம்.

ஊர் வாய்க்கு வேலை கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பவுல்ராஜ், காங்கிரீட்டைத் தவிர வேறு பேச்சே கூடாது என்றார்.

“எண்ணே, நம்ம உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சி காரை பேந்து சோத்துல விழும். அவிய சாப்பிடுவாவளா, மேல பாப்பாவளா? அதோட இந்தப் பழைய சுவரு அந்தக் கனத்தைத் தாங்காது” என்றான் டைட்டஸ்.

பனையோலை குளிர்ச்சி என்றார் ஒருவர். சிமெண்ட் சீட்டு மலிவு என்றார் இன்னொருவர். அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று மூன்றாமவர் அவரோடு சண்டைக்குப் போனார். டைட்டஸ் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினான். அங்கே சிவகணேஷ் என்பவரின் கூரைக்கடையில் இருந்த ஒவ்வொரு சரக்கிலும் ஒரு துண்டு கேட்டிருக்கிறான். “எதுக்கு அண்ணாச்சி?” என்று அவர் கேட்டதற்கு, “கடலுக்குக் கொண்டுபோகணும்” என்று சொன்னானாம். அந்த மனிதர் பயந்துபோய்க் காசே வாங்காமல் கொடுத்தனுப்பிவிட்டார்.

மறுநாள் எங்கள் கரையில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வள்ளத்தின் முன்பக்கம் ஒரு மரச்சட்டத்தை நட்டு, அதில் ஒவ்வொன்றாக வைத்து, இன்ஜினை முழு வேகத்தில் விட்டான். புயலுக்கு ஒத்திகை! மீன் ஏலம் நின்றுவிட்டது. ஏலக்காரரே கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஓடு. கரையைத் தாண்டுமுன்பே அது கடலுக்குள் போய்விட்டது. கரையில் ஒரே கைதட்டல். அடுத்து சிமெண்ட் சீட்டு. மூலை உடைந்து வந்தது. பனையோலை பாதி அவன் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. கடைசியாக வண்ணம் பூசின தகரச் சீட்டு. அது போன மாதிரியே திரும்பி வந்தது. டைட்டஸ் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை இறங்கினான். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அந்தச் சோதனையில்தான் சனி பிடித்தது. சீட்டைச் சட்டத்தில் கட்டும்போது, வள்ளத்தைத் துறையில் கட்டுகிற மாதிரி, கயிற்றைக் கொஞ்சம் தளர விட்டுக் கட்டியிருந்தான். கடல்காரர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாடம். இறுக்கிக் கட்டின வள்ளம் அலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும். ஏறி இறங்க இடம் விட்டுக் கட்டினது நிற்கும். சீட்டு நின்றதற்கும் அதுதான் காரணம் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது.

கூரை வேய வந்தவன் ஹெப்ரான். சீட்டைப் பிடிப்பது ஒரு கொக்கி போல்ட்டு. அதன் கொக்கி, வீட்டுக்குள் இருக்கும் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். மேலே சீட்டின்மேல் நட்டைப் போட்டு முறுக்க வேண்டும். ஹெப்ரான் முறுக்க முறுக்க, டைட்டஸ் கீழே நின்று கத்தினான்.

“ஏலே, போதும்லே! கொஞ்சம் விட்டு வை.”

“அண்ணாச்சி, நட்டை முழுசா முறுக்கணும்.”

“நீ கடல்ல எத்தன வருசம் இருந்த?”

ஹெப்ரான் சாத்தான்குளத்துக்காரன். கடலைக் கண்ணால் பார்த்ததோடு சரி. சொன்னபடியே ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் தளர விட்டுவைத்தான்.

பச்சை நிறக் கூரை தெருவுக்கே அழகாக இருந்தது. ஃபிளோரா பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கொண்டல் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் கால் வைத்தாள். கூரை பேச ஆரம்பித்தது. தடதட, பட்பட், தடதட. கோயில் திருவிழாவுக்கு வரும் மேளக்காரர்கூட அப்படி அடித்ததில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். டைட்டஸ் என் முதுகுக்குப் பின்னால் ஒளியாத குறை.

“இது ஏன் இப்படி அடிக்கு?” என்று கேட்டாள்.

டைட்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டே வள்ளம், துறை, அலை, கயிறு எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

“தண்ணியில மிதக்குததுக்கு அது சரி. இது என்ன, மிதக்கவா போவுது? தையல லூசா விட்டா முத சலவையிலேயே சட்டை பிரிஞ்சிரும். அடிச்சு அடிச்சே ஓட்டை பெருசாகும், அப்புறம் பறக்கும். ஸ்பானர் எங்கன இருக்கு?”

காற்று பலப்பதற்குள் டைட்டஸ் மேலே ஏறினான். மேலே நட்டைத் திருகும்போது உள்ளே கொக்கியும் சேர்ந்து சுற்றிவிடும்; ஒரு ஆள் கீழிருந்து பிடிக்க வேண்டும். ஃபிளோரா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பிடித்தாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு போல்ட்டாக நகர்ந்தார்கள். இடையில் சீட்டு இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பாதிக் கூரை முடிந்திருக்கும், மேலேயிருந்து ஒரு குரல்.

“ஃபிளோரா.”

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எனக்கு உங்க முகத்தப் பாத்தா பேச்சு வர மாட்டேங்கு. இங்கன இருந்தா வருது. சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“ஒத்தையில சோறு தின்னு தின்னு எனக்கு நாக்கே செத்துப்போச்சு. நீங்க வந்தா நல்லா இருக்கும். இவ்வளவும் செஞ்சும் இந்தக் கூரை பறக்கப் பாத்துச்சின்னா, நான் மேல ஏறிக் குப்புறப் படுத்துக்கிடுதேன். நீங்க கீழ தூங்குங்க.”

காற்றுக்கு மேலே கேட்க வேண்டும் என்று அவன் கத்திச் சொன்னதில் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. தயிர்க்கூடையோடு போய்க்கொண்டிருந்த பேச்சித்தாய் அப்படியே நின்றாள். “எங்களுக்குக் கேட்டுச்சு தம்பி! பொண்ணு என்ன சொல்லுது?” என்று அவள் கத்த, எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. ஃபிளோரா கொக்கியைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. நான் மேசையோடு சேர்த்து அணைத்துப் பிடித்தேன்.

“முதல்ல இத முறுக்கச் சொல்லுங்கக்கா” என்றாள்.

கடைசி நட்டை முறுக்கி அவன் இறங்கவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. பஸ் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரும் வந்துவிட, நாலு பேரும் அந்தக் கூரைக்கு அடியிலேயே உட்கார்ந்தோம். காற்று வந்து மோதியது. வேலியோரத்து முருங்கை முறிந்து விழுந்தது. கூரைமேல் மழை விழுகிற சத்தம் மட்டும்தான். ஒரு சீட்டு அசையவில்லை. ஃபிளோரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். டைட்டஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தபோது அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். டைட்டஸ் பாய்ந்து அண்ணன் வாயைப் பொத்திவிட்டான்.

“மைனி” என்றான் என் பக்கம் திரும்பி, பைய. “குறட்டை விடுதாவ. கேக்கா?”

கேட்டது. அந்த மழைக்கு மேலே அது நன்றாகவே கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவனுக்கு அழுகை மட்டும்தான். முகத்தைக் கைலியால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“சாமியார்ட்ட போயி ஞாயித்துக்கிழமை ஓலைய வாசிக்கச் சொல்லிட்டு வந்திருதேன்.”

“மழை விடட்டும், கொழுந்தனாரே.”

அவன் கேட்கவில்லை. அவள் விழித்துவிடக் கூடாது என்று கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு, கொட்டுகிற மழையில் கோயிலைப் பார்த்து ஓடினான்.