தொட்டியில் துளை எங்கே போடுவது?

பசியாவரம் தீவில் என் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து, குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்கு உயிரோடு தாய் இறால் கொடுத்து வருகிறேன். மோட்டார் ஊற்றும் தண்ணீர் மிஞ்சினால் வெளியேற, தொட்டியில் ஒரு துளை வேண்டும். விளிம்புக்கு நாலு விரல் கீழே போடச் சொன்னேன். போட வந்தவன் என் தங்கை மகன் செல்வம்.

"மேல போட்டா கண்ணாடி தெறிச்சிடும் பெரிம்மா. அடியில போட்டு, அதுல பைப்ப நிக்க வெச்சிடலாம். மிஞ்சுற தண்ணி பைப்பு வாய் வழியா எறங்கிடும்."

"பைப்பு சாஞ்சா இன்னாடா ஆவும்?"

"நான் வெச்சது சாயுமா? உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்!"

சுண்ணாம்புக்குளத்தில் அவனுக்கும் இதே தொழில்தான். என் கையில் சோறு தின்று வளர்ந்தவன். நம்பினேன்.

பண்ணைகளுக்காக இறால் வாங்கும் ஏஜெண்ட் வரவேண்டிய அன்று, நான் கடைக்குப் போய்த் திரும்பினால் பைப்பு கழன்று சாய்ந்திருந்தது. தண்ணீரெல்லாம் அடித்துளை வழியாகப் போய், இறால்கள் வெறும் கண்ணாடியில் செத்துக் கிடந்தன. ஏஜெண்ட் நேராகச் செல்வம் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நானும் படகேறிப் போனேன். அவன் தொட்டியில் துளை மேலே, விளிம்புக்கு நாலு விரல் கீழே இருந்தது.

"இது இன்னாடா?"

"இது வேற கண்ணாடி பெரிம்மா" என்றான், என் முகத்தைப் பாராமல்.

இரண்டு தொட்டியும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. நானும் கூடத்தான் நின்றேன்.

வேறு ஆளை வைத்து அடித்துளையை அடைத்து, மேலே போட்டுக்கொண்டேன். கண்ணாடி தெறிக்கவில்லை. இப்போதெல்லாம் யார் யோசனை சொன்னாலும், அவர் வீட்டில் அது எப்படி இருக்கிறதென்று பார்த்த பிறகே சரி என்கிறேன். செல்வம் வந்தால் சோறு போடுகிறேன். தொட்டிப் பக்கம் விடுவதில்லை.