மாதா கெபிச் சுவரை இடித்தவர்

மண்ணூர் செல்வநாதன் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் வைப்பார். கண் பிறகுதான். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் பெயிண்ட் சோதனையில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்ப்பவர். வெள்ளைக் கையுறையோடு கதவு, கூரை, பானெட் என்று தடவிக்கொண்டே போவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே குறை இருக்கும். மணல் துகள் அளவு இருந்தாலும் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். "இன்னிக்கு வண்டி கவுண்ட் கம்மிண்ணா, கண்டுக்காம வுட்டுடு" என்று சூப்பர்வைசர் கெஞ்சினால், "நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு, நான் போட மாட்டேன்" என்பார். இதனாலேயே லைனில் அவருக்குச் சிநேகிதர்கள் குறைவு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கையெழுத்தைத்தான் போன கார்த்திகை மாதம் நாறடித்தார்கள். நாறடித்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. அவரையே நாறடிக்க வைத்தார்கள்.

அவர் வீடு இருக்கும் சந்தில் கார் நுழையாது. அதனால் கோயில் ஃபாதரிடம் கேட்டு, மாதா சிலை வைத்த குகைக்கோயிலான கெபியின் சுற்றுச்சுவரை ஒட்டித் தன் காரை நிறுத்திக்கொள்வார். அன்று இரண்டாம் ஷிப்டு முடித்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். விடிந்ததும் ஊர் பஸ் முதலாளி டில்லிபாபுவின் பஸ் ஒன்று, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ், திரும்புவதற்காகப் பின்னால் வந்தது. வந்த வேகத்தில் காரின் பின்கதவை உள்ளே தள்ளி, கண்ணாடியை நொறுக்கி, கெபிச் சுவரின் மூலையையும் பெயர்த்துவிட்டது. டிரைவர் இறங்கினான், பார்த்தான், ஏறினான், போய்விட்டான். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

கெபி வாசலில் மெழுகுவத்தி விற்கும் லூர்தம்மாள் மட்டும் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "டில்லிபாபு பஸ்ஸுதான் தம்பி. என் கண்ணால பாத்தேன். எங்க வேணா வந்து சொல்றேன். மாதா முன்னாடி நடந்தத மறைப்பனா நானு?"

செல்வநாதன் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். மலிவு எனாமல், பிரஷ்ஷால் அடித்தது. ஆறு பஸ்ஸுக்கும் மஞ்சள் பட்டை போட்டிருக்கும் டில்லிபாபு எட்டு மணிக்கு வந்து தோளில் கைபோட்டான். அந்தக் கை அவருக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம வண்டி அந்தப் பக்கமே வர்லண்ணா. மஞ்ச பட்டை போட்ட பஸ்ஸு ஊர்ல நான் ஒருத்தன்தான் வச்சிக்கினு கீறனா?"

"லூர்தம்மா பாத்துருக்காங்கப்பா."

"அதுக்குக் கண்ணே தெரியாதுண்ணா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று தடவை நடந்தார். முதல் தடவை பஸ் நம்பர் கேட்டார்கள். நம்பரோடு போன இரண்டாம் தடவை, "நீ ஏன் ரோட்டுல நிறுத்துன? அதுவே ஒரு கேஸு" என்றார்கள். மூன்றாம் தடவை எழுத்தர் டீ குடித்துக்கொண்டே, "ஒரே ஊருக்காரங்க, பேசி முடிச்சிக்குங்க" என்றார். மூன்று நாள் லீவு போனதுதான் மிச்சம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை மணி நேரம் அழுத்தச் சொல்லிவிட்டு, ஒரு பெண் தேன் குரலில் "உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். "நீ வருந்தாதம்மா, ஆள அனுப்பு" என்றார் செல்வநாதன். அவள் மறுபடியும் வருந்தினாள்.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை மீறித் தண்ணீர் இறங்கி, சீட்டு ஊறி, பூஞ்சை பூத்தது. ஏதோ ஒரு பூனை உள்ளே புகுந்து தன் வேலையையும் முடித்துவிட்டுப் போயிருந்தது. கதவைத் திறந்தால் நாற்றம் ஆளைத் தள்ளும். தூசி படாத அறையில் வேலை பார்க்கிற மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் காரைத் துடைத்தார்.

அப்புறம்தான் பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் பாண்டுரங்கன் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

"வேற வண்டி இடிச்சிதுன்னு எழுதுனா போலீஸ் பேப்பர் இல்லாம அசைய மாட்டாங்க சார். நாமளே ரிவர்ஸ் எடுக்கும்போது செவுத்துல வுட்டுட்டோம்னு எழுதுங்க. ஒரு வாரத்துல முடிஞ்சிடும். எல்லாரும் இப்டித்தான் எழுதறாங்க."

"நான் இடிக்கலயே."

"இடிச்சீங்கன்னு யாரு சொன்னா? எழுதத்தான் சொல்றேன்." பெயர்ந்த மூலையைக் கண்டதும் பாண்டுரங்கன் முகம் மலர்ந்தது. "செவுரும் ஒடஞ்சிதான் கீது. மாதாவே வழி காட்டறாங்க பாருங்க. அந்த மஞ்ச கலர மட்டும் எடுத்துடுங்க. கம்பெனிலேர்ந்து பாக்க வர்ற சர்வேயர் கேப்பாரு."

செல்வநாதன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மனைவி ஜோஸ்லின், "எழுதிக் குடுத்துத் தொலைங்க. உங்க நேர்மைய வச்சி சீட்டு காயப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பாலிஷ் டப்பாவோடு போய் உட்கார்ந்தார். கம்பெனியில் கற்ற கை. வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் டில்லிபாபுவின் பட்டை அடையாளமே இல்லாமல் போனது. அந்த இடத்தில் சுவரின் சுண்ணாம்பை எடுத்துப் பூசினார். எவனாலும் கண்டுபிடிக்க முடியாத சுத்தமான வேலை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

சர்வேயர் சின்ன வயசுக்காரர். காரை ஒரு தடவைகூடத் தொடவில்லை. நாலு போட்டோ எடுத்தார். "இந்தச் செவுத்துலதான் இடிச்சீங்களா?" என்றார்.

"ஆமா."

பிறகு அவர் திரும்பி, மெழுகுவத்தி அடுக்கிக்கொண்டிருந்த லூர்தம்மாளிடம், "ஏம்மா, இவர் வண்டிய இடிச்சத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். லூர்தம்மாள் செல்வநாதனைப் பார்த்தாள். எங்கே வேண்டுமானாலும் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்ற ஒரே ஆள் அவள்தான்.

"சொல்லு பெரிம்மா" என்றார் செல்வநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தேன்" என்றாள். உடனே கூடையை எடுத்துக்கொண்டு கெபியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வநாதன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் பார்க்காத ஒன்றுக்கு அவர் கையெழுத்து விழுந்தது.

கார் புதுசு போல் திரும்பி வந்தது. அதற்கு முன்பே, சுவரை இடித்தது அவர்தான் என்ற செய்தி ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். "நம் கெபிச் சுவரை இடித்தது யார் என்று யாரும் விசாரிக்க வேண்டாம். இடித்தவர் மனசுக்குத் தெரியும். இந்துவாக இருந்தும் சகோதரர் டில்லிபாபு அதைத் தன் செலவில் கட்டித்தர முன்வந்திருக்கிறார். அவருக்காக ஜெபிப்போம்." கோயிலே திரும்பி செல்வநாதனைப் பார்த்தது. ஜோஸ்லின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவருக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. நின்று என்ன சொல்வது? நான் இடிக்கவில்லை என்றால், இன்சூரன்ஸுக்குப் பொய் எழுதிக் கொடுத்தவன். நான்தான் இடித்தேன் என்றால், மாதா சுவரை இடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவன். இரண்டுமே கேவலம். மஞ்சள் பெயிண்டாவது மிச்சம் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டியிருக்கலாம். அதை அவரே தேய்த்து எடுத்துவிட்டார். ஜெபத்துக்குப் போட்ட முழங்காலிலேயே இருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுவர் எழும்பியது. மூலையில் ஒரு கிரானைட் கல். அதில் தங்க எழுத்தில் 'உபயம்: டி. டில்லிபாபு, பஸ் உரிமையாளர்'. ஃபாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். டில்லிபாபுவுக்குச் சால்வை போட்டார்கள். கூட்டம் கலையும்போது பழக்க தோஷத்தில் செல்வநாதனின் கை புதுப் பூச்சைத் தடவிக்கொண்டே போனது. கல்லுக்குக் கீழே விரல் நின்றது. சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் உப்பியிருந்தது. ஒரு மழைக்குத் தாங்காது.

தோளில் ஒரு கை விழுந்தது. அதே கை.

"தடவிப் பாக்கறியாண்ணா? நல்லா கட்டியிருக்கேன்" என்றான் டில்லிபாபு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "இனிமேலாச்சும் பாத்து ஓட்டு. மாதா செவுரு."

லூர்தம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றார் செல்வநாதன்.