தம்பியின் பேக்ஹேண்ட்

1. நின்றுவிட்ட ஆள்

பந்து இடப்பக்கம் வந்தது. ஏகாம்பரம் அசையவே இல்லை. நல்ல உயரத்தில், ஒரு எட்டு வைத்தால் எட்டிவிடும் பந்து. அது அவரைத் தாண்டிப் போய் வேலியில் மோதியது.

"இன்னாய்யா, பந்து உனக்கு வணக்கம் வெச்சுட்டுப் போவுது, நீ வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற?" என்று கத்தினேன்.

"அது சபா பக்கம் மாஸ்டர்" என்றார்.

அடுத்துப் போட எடுத்த பந்தைக் கூடையிலேயே போட்டுவிட்டேன். சபாபதி அவருடைய தம்பி. மாரடைப்பில் போய், காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு டென்னிஸ் கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்து, பிறகு கோச் ஆனவன். மார்க்கர் என்றால் கோர்ட்டில் கோடு போடுகிறவன் என்று நினைத்துக்கொண்டு என் மாமனாரே பெண் கொடுக்க யோசித்தார். ஆள் கிடைக்காத உறுப்பினருக்கு எதிரே நின்று ஆடுகிறவன்தான் மார்க்கர். அதற்குக் காலும் வேண்டும், வாயும் வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல்.

ஏகாம்பரமும் சபாபதியும் பட்டு நெசவுக்காரர்கள். வீட்டிலேயே தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் நடுவில் உட்கார்ந்து நெய்வார். இடப்பக்கம் உட்கார்ந்த தம்பி கரைக்கான நூலை ஓட்டும் நாடாவை வாங்கித் திருப்பி விடுவார். சாயங்காலம் கிளப்புக்கு வந்து டபிள்ஸ் ஆடும்போதும் அதே ஏற்பாடுதான். இடது பக்கம் தம்பிக்கு. அந்தப் பக்கம் எது வந்தாலும் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

2. விரல்கள்

அன்றைக்கே ஏகாம்பரம் கேட்டார்: "ஒத்தைக் கை பேக்ஹேண்ட் கத்துக்குடுங்க மாஸ்டர். தம்பி அடிச்ச மாதிரி."

ஏகாம்பரத்தின் பழைய பேக்ஹேண்ட் இரண்டு கை. கண்றாவியாக இருக்கும். சபாபதி ஒற்றைக் கையில் அடிப்பதைப் பார்க்க ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் ராக்கெட்டைப் பிடிக்கிற க்ரிப்பை மாற்றினோம். தோளைத் திருப்பு, இடது கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள், பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தி, அடிக்கும்போது இடது கையை விட்டுவிடு. எல்லோரும் தடுமாறுகிற இடம் கடைசிதான். இடது கையை விடப் பயப்படுவார்கள். உடம்பு முழுக்கச் சுழன்றுவிடும். ஏகாம்பரமும் முதலில் சுழன்றார். பந்து பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போனது. நான் திட்டினேன். அவர் பதிலுக்கு முறைத்தார். அண்ணன்காரருக்குக் கோபம் மூக்கு மேல், தம்பிதான் சாது.

பிறகு ஒரு காலையில் திடீரென்று வந்துவிட்டது. பட்டென்று சத்தம், பந்து கோட்டை ஒட்டிப் போய் விழுந்தது. "சபாஷ்" என்று சொல்ல வாயெடுத்தவன், அவருடைய இடது கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அது பின்னால் நீண்டு, விரல்களை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருந்தது. சபாபதியின் பழக்கம் அது. நாடா வாங்கி வாங்கிப் பழகிய கை, கோர்ட்டிலும் அப்படியே நிற்கும். அதை நான் ஏகாம்பரத்துக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"தம்பி மாதிரியே கைய வெக்கிறியே, பாத்துப் பழகினியா?"

"எந்தக் கை மாஸ்டர்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நாளுக்கு நாள் அந்த ஸ்ட்ரோக் அழகாகிக்கொண்டே போனது. மனுஷனும் மாறிக்கொண்டே போனார். நான் திட்டினால் முறைப்பதில்லை; தலையைக் குனிந்து சிரித்தார். ஒருநாள் வேண்டுமென்றே வலப்பக்கம், அவருடைய ஃபோர்ஹேண்டுக்கு, சோறு ஊட்டுவது போல ஒரு பந்து போட்டேன். அவர் நகரவில்லை.

"அத அண்ணன் எடுத்துக்குவாரு மாஸ்டர்" என்றார்.

கோர்ட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் ராக்கெட்டைப் பையில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். பயம்தான், வேறென்ன.

3. செல்வி வந்தது

மறுநாள் காலை ஏகாம்பரத்தின் மனைவி செல்வி கிளப்புக்கு வந்தார். சபாபதி கல்யாணம் செய்துகொள்ளாமல் இவர்கள் வீட்டிலேயே இருந்தவர்.

"மாஸ்டர், அவரு தறியில தன் எடத்துல உக்கார மாட்டேங்கிறாரு. இடப்பக்கம் போயி உக்காந்துக்கினு, நாடா வரும்னு கைய நீட்டிக்கினு இருக்காரு. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, நல்லா தூங்குறாரு, அவ்ளோதான். என்னை அண்ணின்னு கூப்பிடுறாரு மாஸ்டர். ரூமுக்குள்ள வர மாட்டேங்கிறாரு. ஹால்ல பாய் போட்டுக்கிறாரு. நான் எதிர்ல வந்தா எழுந்து நிக்கிறாரு. தம்பி எனக்கு அவ்ளோ மரியாத குடுக்கும். எனக்கு என் வீட்டுக்காரரு வேணும்."

சொல்லி முடித்து அந்த அம்மா அழுதார். அழகழகாக நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு பேக்ஹேண்டுக்கும் இங்கே ஒரு பெண் புருஷனைத் தொலைத்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் நீயும் கூட வாம்மா" என்றேன்.

4. கெடுத்தது

சாயங்காலம் ஏகாம்பரத்தின் இடது கையைப் பிடித்து ராக்கெட்டின் பிடியில் வைத்தேன். "இன்னிக்கு ரெண்டு கை."

"எனக்கு ரெண்டு கை வராதே மாஸ்டர். அது அண்ணன் அடிக்கிறது."

"சரி, அண்ணன் எப்படி அடிப்பாரு? காட்டு, பாப்போம்."

காட்டினார். பந்து நெட்டில் விழுந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் நெட். ஒவ்வொரு முறையும் அந்த இடது கை நழுவிப் பின்னால் போகப் பார்த்தது. "கைய விடாதய்யா!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். வாழ்நாள் முழுக்க எதை விடச் சொன்னேனோ, அதை விடாதே என்று கெஞ்சினேன். வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. செல்வி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழி தெரியாமல் என் வாயை அவிழ்த்துவிட்டேன்.

"யோவ் ஏகாம்பரம்! ராக்கெட்டு பிடிச்சிருக்கியா, பருப்பு கடையிறியா? உன் மூஞ்சிக்கு டென்னிஸ் ஒரு கேடா?"

அவர் முகம் சிவந்தது. ராக்கெட்டை மண்ணில் வீசி எறிந்தார்.

"ஏய் செல்வி! இந்த ஆளு என்னை இன்னா பேச்சு பேசுறாரு, நீ பாட்டுக்குப் பாத்துக்கினு நிக்கிற?"

தன் பேர் காதில் விழுந்ததும் செல்வி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஏகாம்பரம் அவரையே பார்த்தார். பிறகு மெல்லத் தன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் கோர்ட்டு.

"தம்பி போயிட்டான், செல்வி" என்றார். காரியத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் அன்று அழுத அழுகை, ரோடு வரைக்கும் கேட்டது.

அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அதற்குப் பிறகு அவருக்கு வரவில்லை. இப்போது அடிப்பது பார்க்கச் சகிக்காது, நானும் திருத்தவில்லை. ஸ்ட்ரோக்கைச் சரிசெய்ய இளம் கோச்சுகளுக்கு எத்தனையோ பேர் சொல்லித்தருவார்கள். என்னிடம் கேட்டால், ஒரு நல்ல ஸ்ட்ரோக்கைக் கெடுக்கவும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உங்களிடம் வருகிற ஆள், ஆட்டம் முடிந்ததும் அதே ஆளாகத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.