சட்டை போட்ட நெசவாளி

சென்னையில் நான் புகைப்படம் எடுக்கப் படித்த கல்லூரியில் எல்லோரிடமும் ஒரு பாணி இருந்தது. ஒருவன் சுருக்கம் விழுந்த கிழவர்களை மட்டுமே எடுப்பான். இன்னொருவன் ஆளை எடுக்க மாட்டான், ஆளின் நிழலைத்தான் எடுப்பான். மூன்றாமவன் எதையும் சாய்த்து எடுத்தான். கேமரா சாய்ந்ததா, எதிரில் நின்றவன் சாய்ந்தானா என்று தெரியாது. எல்லாமே எங்கள் ஆசிரியரின் அலமாரியில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து எடுத்தவை. யாருடைய பாணி எந்த இதழில் இருக்கிறது என்று என்னால் பக்கத்தோடு காட்ட முடியும். நானும் அவற்றைப் புரட்டியவள்தான். புரட்டிவிட்டு மூடி வைத்தேன்.

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். எனவே எனக்கென்று ஒரு பாணி இருக்க வழியில்லை என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

எனக்குக் கேமராவைத் தொடுவதற்கு முன்பே பாணி இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறி ஜன்னலை ஒட்டி நிற்கிறது. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். அவருக்கு முன்னே நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு நூல் பாவின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழும். அங்கிருந்து எழும்பி அவர் முகத்தில் படும். மோவாயில் வெளிச்சம், நெற்றியில் இருட்டு. மஞ்சள் பாவு என்றால் அப்பா காமாலை கண்டவர் போல இருப்பார். அரக்கு என்றால் கோபக்காரர். சந்தன நிறப் பாவு ஏறிய நாட்களில் மட்டும் ராஜா மாதிரி இருப்பார். வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்தே என்ன நிறச் சேலை என்று சொல்லிவிடுவேன். மனிதர்களுக்கு வெளிச்சம் கீழேயிருந்துதான் வரும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

கல்லூரியில் நான் எடுத்த முகங்களும் அப்படியே இருந்தன. மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொல்லி, ஜன்னலோரம் உட்காரவைத்து எடுப்பேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "கீழேருந்து லைட் வந்தா அது வில்லன்மா. நாடகத்துல பேய் வருமே, அந்த லைட்டு" என்றார். வகுப்பே சிரித்தது. சாய்த்து எடுப்பவன் எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்தான்.

கடைசி வருடம் ஆசிரியர் எங்களைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வந்தார். கோபுரத்தை எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றுகொண்டு எடுத்தார்கள், ஆளுக்கொரு தனிப் பாணியில். பிறகு எங்கள் வீடு. மகளின் வாத்தியார் வருகிறார் என்று அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி விறைப்போடு போட்டு, கழுத்துப் பட்டனையும் மாட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியர் கேமரா வழியாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பெரியவரே, சட்டையைக் கழட்டிடுங்க. நேச்சுரலா இருக்கட்டும்."

"கழட்ட வேணாம்பா" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. வாத்தியாரே சொல்றாரு, உனுக்கு இன்னா?" அப்பா பட்டன்களை அவிழ்த்தார்.

"அப்படியே கொஞ்சம் சோகமா பாருங்க. வீட்டுக் கஷ்டத்தை நினைச்சுக்குங்க."

"இன்னா கஷ்டம் சார்? பொண்ணு படிச்சிக்கினு இருக்குது, தறி ஓடிக்கினு இருக்குது" என்றார் அப்பா. ஆனாலும் மரியாதைக்காக முகத்தைத் தொங்கப்போட்டார். ஃபிளாஷ் பல்பு பளீரென்று வெடித்தது. ஜன்னல் வெளிச்சம் மொத்தமும் அதில் அடித்துக்கொண்டு போயிற்று. அங்கே ஒரு ஜன்னல் இருப்பதையே அவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் அப்பாவைத் திரும்பச் சட்டை போடச் சொன்னேன். "போடு, கழட்டு, போடு. நான் இன்னா ஜவுளிக்கட பொம்மையா?" என்று முனகிக்கொண்டே போட்டார். அன்றைக்குத் தறியில் சந்தன நிறப் பாவு. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இறுதித் தேர்வில் அந்தப் படத்தைத்தான் மேலாக வைத்தேன். முதல் வகுப்பு வந்தால் அரசாங்கத்தில் புகைப்படக்காரர் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் கல்யாண ஸ்டுடியோதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. சிக்கலே அதுதான். தனக்குப் பிடித்தது யாருடையது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"இந்த லைட்டிங்கை யார்கிட்டேருந்து எடுத்தீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் உதவிக்கு வந்தார். "சொல்லும்மா. கிளாஸ்ல காட்டினேனே, அந்த ஜெர்மன்காரர்."

பேய் வெளிச்சம் ஒரு நொடியில் ஜெர்மன் வெளிச்சமாகிவிட்டது. அந்த ஜெர்மன்காரரின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய படங்களில் வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்பதும் தெரியும். ஆசிரியருக்குத்தான் அது தெரியவில்லை. பெயரைச் சொன்னால் முதல் வகுப்பு.

"எங்க வீட்டு ஜன்னல் சார்" என்றேன்.

"ஜன்னலுக்கு இனிஷியல் என்னம்மா?" என்று தேர்வாளர் சிரித்தார். ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். "ஏதாவது ஒரு பேரைச் சொல்லிட்டுப் போயேன்மா."

"சொல்லிட்டேன் சார்."

இரண்டாம் வகுப்பு கொடுத்தார்கள். சாய்த்து எடுப்பவன் மூச்சு விடாமல் மூன்று பெயர்கள் சொன்னானாம். அவனுக்கு முதல் வகுப்பு.

இப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் இருக்கிறேன். மணப்பெண்களின் மடியில் வெள்ளைத் துணி விரிக்கிறேன். "இன்னாமா பண்றே, எல்லாப் பொண்ணும் லட்சணமா வருது" என்கிறார் முதலாளி. அது எந்த நாட்டு வெளிச்சம் என்று அவர் கேட்டதில்லை.

ஆசிரியர் எடுத்த படம் ஏதோ கண்காட்சியில் பரிசு வாங்கியது. தடித்த அட்டையில் ஒட்டி, பெரிதாக ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அப்பா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யாரும்மா இவன், ஒரு வாரமா சோறு துன்னாதவன் மாதிரி?"

"நீதாம்பா."

அவர் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். "அட்டை நல்ல அட்டை" என்றார்.

சேலையில் பூ விழுவதற்காக எங்கள் தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் இரண்டு கிழிந்து போயிருந்தன. அடுத்த வாரம் பரிசுப் படத்தை அளவாக வெட்டி, துளை போட்டு, அங்கே கோத்துவிட்டார். அந்தச் சோக நெசவாளியின் விலா எலும்பு வழியாக இப்போது சேலையில் மாங்காய் புட்டா இறங்குகிறது. சட்டை போட்ட படம் எதிர்ச் சுவரில் இருக்கிறது.