யாரும் போடாத மருந்து

"யாரும் போடாத மருந்து கோழி ஈரலுக்குள்ள எப்படிளா போச்சு?" என்று விஜிலா சித்தி என்னிடம் கேட்டாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று புரியாமல் எங்கள் வீட்டுக்கும் அவளுடைய கோழிக் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்த நேரம் அது. யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சித்தியும் அதையே நினைத்தாள். யார் என்பதையும் அவள் முடிவு செய்திருந்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நாசரேத்தில் பிறந்து, ஜெயசிங் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்கு வந்தவள். எதையும் லேசில் நம்பமாட்டாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். சித்தி மீன் கிடந்த ஐஸையும் மோந்து பார்ப்பாள். "கட்டிக்க வந்த மாப்பிள்ளையையே மோந்து பார்த்தவ" என்று சித்தப்பா கேலி செய்வார்.

அவர்கள் மகன் பெனிஸ்டனின் காலில் கிளிஞ்சல் குத்திப் புண்ணானது. எந்த மருந்துக்கும் ஆறவில்லை. "கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு. மனுஷனுக்கு, கோழிக்கு, இறாலுக்குன்னு கண்டபடி குடுத்தா வேற என்ன ஆகும்?" என்றார் டாக்டர். எங்கள் கொட்டகையிலிருந்து வந்த கிருமி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சித்தி வீட்டுக்கு வந்ததும் தீவனத்தில் கலக்க வாங்கி வைத்திருந்த புது ஆன்டிபயாடிக் பவுடர் டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

கால்நடை மருத்துவர் வேறு வழி சொன்னார். ஓமம், கிராம்பு, பட்டை இவற்றின் எண்ணெய்களை அளவாகத் தவிட்டில் பிசறித் தீவனத்தில் கலந்தால், கோழிக் குடலில் கெட்ட கிருமிகள் பெருகுவது குறையும். கூடவே தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், தரையில் ஈரம் கூடாது. "இது மந்திரம் இல்லம்மா, பார்த்துச் செய்யணும்" என்றார்.

முதல் வாரத்தில் குஞ்சுகள் சில செத்தன. சித்தப்பா பயந்துபோனார்.

"ஏளா, இது கோழிக்கா, பிரியாணிக்கா? பட்டை, கிராம்ப உயிரோட இருக்கும்போதே போடுத."

"கேலி பண்ணாதீங்க. இந்த ஈட்டுக் குஞ்சுங்க வளரட்டும். எண்ணெய்க்குள்ள மருந்து கலந்திருக்கான்னு ஈரல ஆய்வுக்கு அனுப்பிப் பார்ப்போம். மருந்து இல்லன்னு வந்தா எண்ணெய்தான். இருக்குன்னு வந்தா உங்க பவுடர் கொட்டகைக்குள்ள வரட்டும்."

சித்தப்பா ஒப்புக்கொண்டார். கோழிகள் தேறி, நன்றாகவே வளர்ந்தன. அதுவே சித்திக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. இவ்வளவு நன்றாக எப்படி?

மருத்துவர் போனில் சொன்ன முடிவு அதற்குத் தகுந்தாற்போல இருந்தது. ஈரலில் ஆன்டிபயாடிக் இருந்தது.

முதலில் மாட்டியது எண்ணெய் விற்கும் தாணுலிங்கம். நாகர்கோவிலிலிருந்து பைக்கில் வருபவர். "அக்கா, நீங்களே ஆய்வுக்கு அனுப்புங்க. இருந்துச்சுன்னா இந்தப் பைக்க இங்கனயே விட்டுட்டு நடந்து போறேன்" என்றார். எண்ணெயையும் அனுப்பிப் பார்த்தோம்; அதில் ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது சித்தப்பா.

"டப்பாவ எடுத்துப் பாரு. சீல் கூடப் பிரியல" என்றார் அவர்.

"வேற டப்பா வாங்கியிருக்கலாம்ல?"

சித்தப்பா அலமாரிக்கு மேலிருந்த டப்பாவை எடுத்துக் கொட்டகை வாசலில் வைத்தார். ஒப்பந்தப்படி அடுத்த ஈட்டுக்கு அதுதான். சித்தியும் தடுக்கவில்லை. இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

புதுக் குஞ்சுகள் வருவதற்கு முன் ஒரு நாள், இடியாப்ப மாவு அரைக்க நானும் சித்தியும் மாவு மில்லுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் யாரோ மிளகாய் வற்றல் அரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மல்லி அரைக்க வரிசையில் நின்ற முத்துக்கனி அக்கா, "விஜிலா, அவசரம்னா நீ போடு" என்று தாராளமாக வழிவிட்டாள்.

"நான் என்ன கிறுக்கியா? மொளகா அரைச்ச மிஷின்ல இடியாப்ப மாவ போட? நீ மல்லிய முதல்ல போடு" என்ற சித்தி, அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அரிசி வாளியை என் கையில் திணித்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். நானும் வாளியோடு ஏறினேன்.

எங்கள் கோழித் தீவனத்தை அரைத்துக் கொடுக்கும் மில்லில் போய் இறங்கினோம். அதை வைத்திருப்பவர் சிவனாண்டி அண்ணாச்சி. சித்தி மூச்சு வாங்கக் கேட்டாள்: "அண்ணாச்சி, எனக்கு முன்னால அரைக்கிற பெரிய பண்ணைக்காரங்க தீவனத்துல மருந்து உண்டா?"

"உண்டே. இங்கன வச்சுத்தான் கலக்குதோம்."

"பெறகு மிஷினக் கழுவுவீங்களா?"

"தீவன மிஷின யாரும்மா கழுவுவா? ஒட்டினது ஒட்டினபடி அடுத்த ஆளுக்குப் போகும். அவங்களுக்கு அடுத்ததுதான் வேணும்னு முறை கேட்டு வாங்கினதே நீதான?"

உண்மைதான். சின்னப் பண்ணைக்காரர்களின் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மிஷினில் ஒட்டியிருக்கும் என்று சந்தேகப்பட்டு, பெரிய பண்ணைக்கு அடுத்த முறையைச் சித்திதான் கேட்டு வாங்கியிருந்தாள். மிளகாய்க்கு நிறமும் நெடியும் உண்டு. மருந்துக்கு இரண்டும் இல்லை.

அன்று மாலை சித்தப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. "இன்னும் ஒரு ஈடு எண்ணெய் போட்டுப் பார்க்கட்டா?" என்று மட்டும் கேட்டாள். அவர் எழுந்துபோய் வாசலில் இருந்த டப்பாவை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார்.

அந்த முறை காலையில் முதல் ஆளாகப் போனார்கள். வெறும் மக்காச்சோளத்தை மிஷினில் ஓட்டி, வந்த மாவைத் தனியே ஒதுக்கினார்கள். பிறகே எங்கள் தீவனம் அரைபட்டது. கோழிகள் வளர்ந்ததும் ஈரலை அனுப்பினோம். மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்னார். எண்ணெய் நிலைத்தது. பவுடர் போட்ட காலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குஞ்சுகள் சாகின்றன. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் சித்தப்பா இப்போதெல்லாம் தனியாகத் தீவன மூட்டையைப் பிரிப்பதில்லை. "ஏளா, வந்து பக்கத்துல நில்லு. நாளைக்கு உன் சித்தி கேட்டா சாட்சி வேணும்" என்று என்னைக் கூப்பிடுகிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். சித்திக்குச் சிரிப்பு வருவதில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது பொது மில்லில் கோழித் தீவனம் அரைத்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டு ஆளைக் கேட்பதற்கு முன்னால், தங்களுக்கு முன் அரைத்தவர் யார் என்று மில்லில் கேட்கட்டும்.